ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்

எங்கள் ஊர் தியேட்டர்களின் வரலாற்றை எழுதலாமென்று பொது நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேலையற்ற வேலை என்று என் கணவர் அப்போதே சொன்னார். சினிமா விளம்பரப் பக்கத்தின் ஓரத்தில்தான் ‘காணவில்லை’ விளம்பரங்களும் வரும். அங்கிருந்து என் மகன் என்னை முறைத்தான். அதே புருவம், அதே வீம்பு. அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முந்திய பேப்பர் என்பது பிறகுதான் உறைத்தது. படத்துக்குக் கீழே என் கணவரின் பெயர். ‘உன்னை யாரும் திட்டமாட்டோம். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். உடனே வா. அப்பா.’

தனக்கென்று யாருமில்லை என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்ட மனிதர். டயர் கடையில் எடுபிடியாக இருந்து, அந்தக் கடையையே வாங்கியவர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த விளம்பரம் வந்த இடங்களையெல்லாம் தேடித்தேடி போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் சமையலறைக் குழாயில் கைக்கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முதல் படத்தைக் காட்டி மேடைமேல் போனை வைத்தேன். குனிந்து பார்த்தார்.

“இத நான் அப்பவே பாத்துட்டேன்” என்றார்.

“பாத்துட்டுமா போகல?”

“முதலாளி ஞாயித்துக்கெழம மட்டும்தான் பேப்பர் வாங்குவாரு. வாராவாரம் என் படம் வரும். அப்பா அடிச்ச அடிக்கு நல்லா அலையட்டும்னு இருந்தேன். அடுத்த வாரம் போலாம், அடுத்த வாரம் போலாம்னு. ஒரு ஞாயிறு வரல. அதுக்கடுத்ததும் வரல. சரி, நம்மள தலைமுழுகிட்டாங்கன்னு விட்டுட்டேன்.”

யார் வீட்டுக் கதையோபோலச் சொன்னார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த விளம்பரம் ஏன் நின்றதென்று தியேட்டர்களைத் தேடிப் போனவளுக்குத்தான் தெரியும். அந்த வருஷம், புதுப்படம் வரும் நாளென்று சினிமா விளம்பரப் பக்கத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஓரத்து விளம்பரங்களும் கூடவே போயின. அதன்பிறகும் பல வெள்ளிக்கிழமைகளில் அவர் இருந்தார். படம் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் படமே இல்லாமல் எழுத்து மட்டும். ‘அம்மா போய்விட்டாள். இனியாவது வா.’

“அப்புறம் வரலதானே?” என்றார். அடுத்த படத்தைப் பார்க்க விரலைக் கொண்டுபோனார். சட்டென்று திரையை உள்ளங்கையால் மூடினேன்.

என் கையை அவர் விலக்கவில்லை. அதன்மேல் தன் கையை வைத்தார். சோப்பு நுரை இன்னும் கழுவப்படாமல் இருந்தது. பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.