பெரிய பிளக் இருக்கும் அறை

புது ஏசியின் பிளக் முன்னறைச் சுவரின் துளைகளுக்குள் நுழைய மறுத்ததை, ஓய்வுபெற்ற பொது மேலாளர் தனக்கு நேர்ந்த அவமரியாதையாகவே எடுத்துக்கொண்டார். இத்தனை வருடமாக அவர் சொன்ன இடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், சொன்னதும் எழுந்திருக்கிறார்கள். யாரும் இந்த மூன்று பித்தளைக் கால்களைப்போல முரண்டு பிடித்ததில்லை. அதைவிட, ஏசியின் தலைமேல் கைவைத்து நின்ற படத்தைக் காலையிலேயே சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டு, ‘படுக்கையில் இருக்கும் தந்தைக்கு மகனின் சிறு காணிக்கை’ என்று எழுதியாகிவிட்டது. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

காணிக்கைக்கு உரியவர் தெரு ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. வெக்கையில் முதுகெல்லாம் புண். அறை குளிர்ச்சியாக இருந்தால்தான் ஆறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது இடது கை. அதற்கும் ஒரு நாளைக்கு ஒரே வேலைதான். எதிர்க் கடைத் தையல்காரர் ஷட்டரைத் தூக்கியதும் ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்துவார். கிழவரும் உயர்த்துவார். அது நடந்த பிறகுதான் கஞ்சிக்கு வாய் திறப்பார்.

பக்கவாட்டு ஜன்னலில் ஏசி, தெரு ஜன்னலோரம் அப்பா என்பதுதான் மேலாளரின் திட்டம். எலக்ட்ரீசியன் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“இது சின்ன பாயின்ட் சார். ஃபேன், லைட்டுக்குப் போட்ட ஒயரு. ஏசி தாங்காது. மெயின் போர்டுலேர்ந்து தனியா லைன் இழுக்கணும்.”

“எந்த வழியா?”

அவர் பென்சிலால் காற்றில் கோடு போட்டார். கோடு கூடத்துச் சுவரில், மேலாளர் கேடயம் வாங்கும் படத்துக்கும் ரிப்பன் வெட்டும் படத்துக்கும் நடுவே ஓடியது.

“படத்தைக் கழட்டிட்டுத் திரும்ப மாட்டிக்கலாம் சார். பைப்பு மட்டும் வெளியில தெரியும்.”

“அது படம் இல்லப்பா. என் சர்வீஸ்.”

“அப்போ பிளக்க வெட்டிட்டு சின்னது மாட்டித் தரேன். நிறைய வீட்ல அப்படித்தான் ஓடுது.”

இதற்காகவே காத்திருந்தவர்போல மேலாளர் நிமிர்ந்தார். ஒயர் சூடாவதில் தொடங்கி, உருகி, தீப்பிடித்து, மொத்த வீடும் சாம்பலாகும்வரை விளக்கினார். “எங்கப்பா விஷயத்துல ரிஸ்க் எடுக்கறவன் நான் இல்ல,” என்று முடித்தார். எல்லாமே சரியாகத்தான் சொன்னார். சரியாகச் சொல்பவர்களோடு அதுதான் தொல்லை; எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

“இந்த வீட்ல பெரிய பிளக் எங்க இருக்கு?” என்று மனைவியைக் கேட்டார்.

“பின்னாடி, வாஷிங் மெஷின் ரூம்ல.” சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. “அங்க இருக்கறதே ஒரு ஜன்னல்தாங்க.”

“ஏசிக்கு ஒண்ணு போதுமே.”

“மாமாவுக்கு?”

“அப்பாவுக்கு வேண்டியது குளிர்ச்சி. வேடிக்கை இல்ல.”

“பிளக்குக்குத் தோதா ஆளையா தூக்கி வைப்பாங்க? அப்ப படத்துக்குத் தோதா என்னை எங்க வைக்கப் போறீங்க?”

“வசதி எங்க இருக்கோ அங்க ஆளை அனுப்பறதுதான் நிர்வாகம். உனக்குப் புரியாது.”

எலக்ட்ரீசியனுக்குப் புரிந்தது. சுவரைக் கொத்தும் வேலை மிச்சம் என்று கட்டிலின் மறுமுனையைப் பிடிக்க ஓடிவந்தார்.

கட்டில் நகரவில்லை. கிழவரின் இடது கை ஜன்னல் கம்பியைப் பற்றியிருந்தது. மேலாளர் குனிந்து, ஒவ்வொரு விரலாக, மிகுந்த பொறுமையோடு பிரித்தார்.

“பிடி பாரு, என்ன பலம்,” என்றார் பெருமையாக. “தேறிடுவார்.”

பின்னறை ஜன்னலை ஏசி முழுசாக அடைத்துக்கொண்டது. வெளியே தெரிவதற்கு ஏற்கெனவே பக்கத்து வீட்டுச் சுவர்தான் என்பதால் அதில் நஷ்டமில்லை என்பது மேலாளரின் கருத்து. பிளக் ஒரே அழுத்தில் உள்ளே போனது. துணி துவைக்கும்போது மட்டும் ஏசியைப் பிடுங்க வேண்டும்.

மறுநாள் காலை, காலியான இடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டு மேலாளர் உட்கார்ந்தார். காற்று நன்றாகவே வந்தது. இவ்வளவு நல்ல இடத்தை இத்தனை நாள் விட்டுவைத்திருந்தோமே என்றிருந்தது. எதிரே ஷட்டர் உயர்ந்தது. தையல்காரர் திரும்பிக் கையைத் தூக்கினார்.

ஓய்வுபெற்றால் என்ன, மரியாதை தெரிந்தவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மேலாளர் அலுவலகத்தில் செய்வதுபோல இரண்டு விரலை மட்டும் உயர்த்தி அதை ஏற்றுக்கொண்டார்.

“ஏங்க,” பின்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “மாமா கையைத் தூக்கினபடியே இருக்கார். கஞ்சிக்கு வாயே திறக்கல. வந்து பாருங்களேன்.”

“குளிருதுங்கறார். நீ மெஷினைப் போடு.”

ஏசி நின்ற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம். எதிரே தையல்காரர் தூக்கிய கையை இறக்காமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்த ஜன்னலையே பார்த்தபடி நின்றிருந்தார்.