பார்த்துக்கொண்டிருப்பவர்

கஜானி வேலையால் வந்து கைப்பையை வைக்கும் முன்பே கணினி இருந்த அறையை எட்டிப் பார்த்தாள். கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு நின்றது. வழக்கமாகத் தெரியும் படங்களின் வரிசை ஒன்றுமே இல்லை. சேலை மாற்றாமல் நிருஷனுக்குப் போன் எடுத்தாள்.

நிருஷன் கொக்குவில் சந்தியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன். அவளுடைய கணவன் ஜெயதீபனின் கூட்டாளி. கடையை அரைவாசி சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான்.

"டிஸ்க் முட்டிப்போச்சு அக்கா. அண்ணை தொடரெல்லாம் வர வரத் தானா இறக்கச் சொல்லி விட்டிட்டுப் போயிருக்கிறார். அது இறக்கி இறக்கி, இப்ப தன்ரை குறிப்பை எழுதக்கூட இடமில்லாமல் நிண்டுட்டுது."

"திரும்ப ஓடப்பண்ண என்ன செய்யவேணும்?"

"கொஞ்சத்தை அழிச்சா இப்பவே ஓடும்."

"ஒண்டையும் அழிக்கக்கூடாது," என்றாள் கஜானி. "அவர் எதைப் பாதியிலை விட்டிருக்கிறார் எண்டு ஆருக்குத் தெரியும்?"

நிருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அப்ப வெளியிலை கொழுவிற பெரிய எக்ஸ்டேர்னல் டிஸ்க் ஒண்டுதான் வாங்கவேணும். அந்தளவு பெரிசு இஞ்சை இல்லை. கொழும்பிலை சொல்லி எடுப்பம்."

அந்தக் கணினியை ஜெயதீபன் கலியாணம் செய்த புதிதில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியிருந்தான். படம், தொடர், பாட்டு, வீட்டு வீடியோ எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வைத்திருந்தான். சேர்வர் என்று சொல்லுவான். வீட்டு ரீவியிலும் பார்க்கலாம். கடவுச்சொல் தெரிந்தால் உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் போனில் பார்க்கலாம். ஆளுக்கொரு பெயரில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தான். யார் இப்போது எதைப் பார்க்கிறார் என்று கணினியில் ஒரு பக்கம் காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "இவன் நிருஷன் திரும்பவும் பேய்ப்படம் பாக்கிறான்," என்று சிரிப்பான்.

போன வருடம் ஜெயதீபன் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டான். மொஸ்கோவுக்கு விமானத்தில், அங்கிருந்து பெலாரஸ், அங்கிருந்து காட்டு வழியாகப் போலந்து. மின்ஸ்க் நகரில் ஓர் அறைக்குள் கன நாட்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் கதைப்பான். "நாளைக்கு வெளிக்கிடுறம், போன் நிப்பாட்டி வைக்கச் சொல்லுறாங்கள், பயப்பிடாதை," என்று ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு கதைக்கவில்லை. அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் ஒற்றைச் சரிக்குறிதான் விழுந்தது. அனுப்பிவைத்த முகவர், "பிடிபட்டுக் காம்பிலை இருக்கிறார், போனைப் பறிச்சுப்போட்டாங்கள்," என்றான். பிறகு அவனும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

மழைக்காலம் முடியும் நேரத்தில் ஒரு பின்னேரம், மகள் ஆரணிக்குக் காட்டூன் போடுவதற்காகக் கஜானி கணினியைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் ஜெயதீபனின் பெயர் நின்றது. பெயருக்குக் கீழே ஒரு சின்னக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது ஆரணியின் மூன்றாவது பிறந்தநாள் வீடியோ.

அவள் உடனே போனை எடுத்தாள். கொடிகாமத்தில் இருந்த மாமிக்கு, ஜெயதீபனின் தாய்க்கு, அடித்து, "மாமி, அவர் இருக்கிறார், பிள்ளையைப் பாத்துக்கொண்டிருக்கிறார்," என்று கத்தினாள். மாமி மீனாம்பிகை அடுத்தநாள் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தாள். வேறு யாருக்காவது இந்த வீடியோவைப் பார்க்க என்ன தேவை? காம்பில் கொஞ்ச நேரம் கணினி கொடுப்பார்கள் போல, அந்த நேரத்தில் எங்களைப் பார்க்கிறான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து கஜானி மானிப்பாயில் பல் வைத்தியரின் இடத்தில் வேலை முடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். சில நாட்களில் பெயர் தெரியும், சில நாட்களில் தெரியாது. பழைய பகிடிப் படங்கள், தொடர்கள், ஒருமுறை மாதா பாட்டுகள். அவன் முந்திப் பார்க்காதவை. தனிமையில் மனிதன் எதைத்தான் பார்க்கமாட்டான் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

டிஸ்க் வரும்வரை சேர்வர் ஓடவில்லை. அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'அவர் அங்கை திறந்து பாத்திட்டு, வீட்டிலை என்னவோ நடந்திட்டுது எண்டு நினைக்கப்போறார்' என்பதே நினைப்பாக இருந்தது.

பார்சல் வந்ததும் நிருஷன் கொண்டுவந்து பூட்டினான். தடித்த புத்தகம் போல ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குத் தனி மின்வயர். கரண்ட் போனாலும் நிற்காதபடி பற்றரியில் கொழுவினான். வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது மேசை அதிரும் என்று பெட்டிக்குக் கீழே துவாய் ஒன்றை மடித்து வைத்தான். தொடர்கள் எல்லாவற்றையும் பழைய டிஸ்க்கில் இருந்து இதற்கு மாற்றவிட்டான்.

"இடையிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது அக்கா. பழைய டிஸ்க்கும் சத்தம் போடுது. மெல்ல மெல்லத்தான் எடுக்கும்."

கஜானி அடுத்தநாள் வேலைக்குப் போகாமல் அறை வாசலிலேயே இருந்தாள். ஆரணியை உள்ளே விடவில்லை. பின்னேரம் நிருஷன் வந்து எல்லாம் சரியாக மாறியிருக்கிறதா என்று பார்த்து, சேர்வரைத் திரும்ப எழுப்பினான். தேத்தண்ணி குடித்து முடிய முன்னம் ஜெயதீபனின் பெயர் வந்தது. ஒரு பகிடிப் படம் ஓடத் தொடங்கியது.

"பாத்தீரே! காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்," என்றாள் கஜானி. கண் நிறைந்துவிட்டது.

நிருஷன் சிரிக்கவில்லை. அந்தப் பெயரை அமத்தி, உள்ளே இருந்த விபரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன?"

"அக்கா, இவ்வளவு நாளும் நான் உதைப் பாக்கேல்லை. எந்த நாட்டிலை இருந்து பாக்கினம் எண்டு உதிலை தெரியும்." திரையில் விரலை வைத்தான். "இது ஜேர்மனி. காம்ப் மாதிரித் தெரியேல்லை. வீட்டுக் கனெக்‌ஷன்."

மாமிக்கு அந்தச் செய்தி பண்டிகையாக இருந்தது. "சேந்திட்டான்! என்ரை பிள்ளை சேந்திட்டான்!" என்று அயலுக்கெல்லாம் மோதகம் அவித்துக் கொடுத்தாள். கஜானியும் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தாள். மூன்றாம் நாள் வேலையிடத்தில் கூட வேலைசெய்யும் உதயகலா கேட்டாள்:

"ஜேர்மனியிலை ஒரு வீட்டிலை இருந்து படம் பாக்கிற மனிசனுக்கு, ஒரு போன் கோல் எடுக்க ஏலாமலோ?"

கஜானி அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனாள். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு பஸ்ஸில் வந்தது, வீட்டுக்குள்ளும் வந்தது. அன்று பின்னேரம் அவன் பெயருக்குக் கீழே கோடு நகர்ந்துகொண்டிருக்க, அவள் அதையே பார்த்தபடி நின்றாள். யாருடைய வீடு அது? பக்கத்தில் யார் இருந்து சிரிக்கிறாள்? உதயகலாவின் ஒன்றுவிட்ட தமக்கையின் புருஷன் இப்படித்தான் போய், அங்கே ஒருத்தியோடு இருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். கஜானிக்கு நெஞ்சு எரிந்தது. அவன் காட்டுக்குள் கிடக்கிறான் என்று எண்ணிப் பயந்த நாட்களில்கூட இப்படி எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரணியை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்து, போனை அலுமாரியில் சாய்த்து வைத்து, முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு பதிவு செய்தாள்.

"நீங்கள் அங்கை போய்ச் சேந்தது எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் என்ன பாக்கிறியள் எண்டதும் தெரியும். என்னோடை கதைக்க விருப்பமில்லாட்டி கதைக்கவேண்டாம். உங்கடை அம்மாவோடை ஒரு சொல் கதைச்சிருக்கலாம். மனிசி சாப்பிடாமல் நேத்தி வைச்சுக்கொண்டு திரிஞ்சது. பிள்ளை ரோட்டிலை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா ஓடுறாள். வேறை வாழ்க்கை இருக்கெண்டா அதைச் சொல்லிப்போட்டு இருங்கோ. கோழை மாதிரி ஒளிச்சிருந்து எங்கடை பிறந்தநாளைப் பாக்கவேண்டாம். அதைப் பாக்க உங்களுக்கு இனி உரிமை இல்லை."

கடைசியில் தன் போன் நம்பரை, அவனுக்குத் தெரிந்த நம்பரைத்தான், ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். மறந்திருப்பான் என்று குத்திக்காட்டுவதற்காகத்தான் அப்படிச் சொன்னாள். நிருஷன் சொல்லித்தந்தபடி புதிய டிஸ்க்கில் போட்டு, 'கஜானி' என்று பெயர் வைத்தாள். புதிதாகச் சேர்த்தவை எல்லாம் திரையில் முதல் வரிசையில் வரும். அவன் திறந்ததும் அவள் முகம்தான் முன்னுக்கு நிற்கும்.

அடுத்தநாள் பின்னேரம் அது ஓடியது. பாதியில் நின்றது. திரும்ப முதலில் இருந்து ஓடியது, முடிவுவரை. பிறகு அந்தப் பெயர் காணாமல் போய்விட்டது. செவ்வாயும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

சனிக்கிழமை காலை அவள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். ஈரக்கையோடு எடுத்தாள்.

"அக்கா," என்றது ஓர் இளம் குரல். "கஜானி அக்காவோ?"

"ஓம். ஆர் நீர்?"

"நான் எமில்ராஜ். ஊர் குருநகர். ஜெயதீபன் அண்ணையோடை வந்தனான்." மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "அதிலை பாக்கிறது அண்ணை இல்லை அக்கா. நான்."

 குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மின்ஸ்க்கிலை ஒரே அறை. எனக்கு நித்திரை வாறேல்லை எண்டு அண்ணைதான் தன்ரை பேரிலை என்ரை போனிலை அதைப் போட்டுத் தந்தவர். படம் பார், பயம் தெரியாது எண்டவர்."

"அவர் எங்கை?"

"அக்கா…"

"அவர் எங்கை எண்டு கேக்கிறன்."

"காட்டுக்குள்ளை சதுப்பு ஒண்டு கடந்தனாங்கள். இடுப்பளவு தண்ணி. சரியான குளிர். அண்ணையின்ரை போன் அதுக்குள்ளை விழுந்து போட்டுது. அடுத்தநாள் அவருக்குக் காய்ச்சல், கால் வீங்கி நடக்க ஏலாமல் போச்சு. கூட்டிக்கொண்டு வந்தவன் நிக்கமாட்டன் எண்டிட்டான். நான் நிண்டனான் அக்கா, சத்தியமா கொஞ்ச நேரம் நிண்டனான். அண்ணைதான் போடா எண்டவர். ரோட்டுக்குக் கிட்ட ஒரு மரத்தடியிலை இருத்தி, என்ரை ஜக்கெற்றைப் போட்டுவிட்டு வந்தனான். ஆரும் வாகனத்திலை கண்டு தூக்குவினம் எண்டு நினைச்சன்."

"தூக்கினவையோ?"

"தெரியாது. இல்லையெண்டுதான் நினைக்கிறன். அந்த இரவு பனி கொட்டினது."

கஜானி குழாயைப் பூட்டினாள். தன் கை அதைச் செய்வதை யாரோ செய்வதைப் போலப் பார்த்தாள்.

"ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"உங்கடை நம்பர் என்னட்டை இல்லை. அதுவும் பொய்தான். தேடியிருந்தா எடுத்திருப்பன். பிறந்தநாள் வீடியோவிலை உங்களையும் பிள்ளையையும் பாத்தன். எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் பாத்தனான். ஏலாமல் போச்சு. பிறகு நீங்கள் அவரைப் பேசினதைக் கேட்டன். அண்ணை அந்தப் பேச்சு வாங்கக் கூடாது அக்கா. என்னைப் பேசுங்கோ."

அவள் அவனைப் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவன் அழுவது இவளுக்குக் கேட்டது. கடைசியில், "அந்த இடத்தின்ரை பேரை அனுப்பும்," என்று மட்டும் சொன்னாள்.

நிருஷன் அவளைக் கொடிகாமத்துக்குக் கூட்டிப்போனான். மாமி நம்பவில்லை. குருநகர்ப் பெடியன் பொய் சொல்கிறான், மகனைக் கட்டி வைத்துவிட்டுக் கதை விடுகிறான் என்று சத்தம் போட்டாள். பிறகு சத்தம் நின்றது. சுவரோடு சாய்ந்து இருந்தபடி, "அவனோடை நான் கதைக்கவேணும்," என்றாள். கஜானி எடுத்துக் கொடுத்தாள். மாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"விட்டிட்டு வரேக்கை அவன் ஏதும் சாப்பிட்டிருந்தவனோ, தம்பி?"

எமில்ராஜ் என்ன சொன்னான் என்று கஜானிக்குக் கேட்கவில்லை. மாமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

எமில்ராஜ் அனுப்பிய இடத்தின் பெயரை வைத்துக்கொண்டு, அகதிகளுக்கு உதவி செய்யும் அமைப்பு ஒன்று அங்கே தேடியது. இளவேனிலில் பனி உருகியபோது மரம் வெட்டப் போனவர்கள் ஓர் உடலைக் கண்டெடுத்து, பெயர் தெரியாமல் ஊர் மயானத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். டி.என்.ஏ. சோதனைக்காக மாமியினதும் ஆரணியினதும் எச்சில் மாதிரி எடுத்து அனுப்பினார்கள். பதில் வர மாதங்கள் ஆயின. அவன்தான்.

கொண்டுவர வழியில்லை. கிரியை மட்டுமாவது செய்யவேண்டும். ஐயர் வந்து இருந்து, இறந்த திதி என்ன என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. மாமி கஜானியின் முகத்தைப் பார்த்தாள். கஜானி போனை எடுத்துக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போனாள்.

"எமில், நீர் அவரை விட்டிட்டு வந்த நாள் என்ன திகதி?"

"தெரியாது அக்கா. காட்டுக்குள்ளை நாள் கணக்கெல்லாம் தப்பிப்போச்சு." அவன் யோசித்தான். "ஆனா பனி தொடங்க முதல் நிலவு தெரிஞ்சது. திரும்பிப் பாக்கேக்கை அண்ணை இருந்தது வடிவாத் தெரிஞ்சது."

"முழு நிலவோ?"

"இல்லை. முதல் நாளோ அதுக்கு முதலோதான் முழுசாப் பாத்தம். அண்டைக்கு ஒரு பக்கம் கொஞ்சம் தேஞ்சிருந்தது."

கஜானி உள்ளே வந்து அதைச் சொன்னாள். ஐயர், ஜெயதீபன் கடைசியாகக் கதைத்த மாதத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, விரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய், பூரணைக்கு அடுத்த துவிதியையில் நிறுத்தினார்.

"இது செத்த நாளெண்டு சொல்ல ஏலாது, பிள்ளை," என்றார். "விட்ட நாள்."

"ஓம்," என்றாள் கஜானி. "அதையே எழுதுங்கோ."