பின் அச்சின் மேல் ஒரு விரிசல்

அப்பாவின் டிரக் மூன்று குளிர்காலமாகக் கொட்டகையில் நின்றது. ஏரியிலிருந்து அவர் உடலை எடுத்த அன்று கரைப் பாறைகளிலிருந்து இழுத்து வந்து விட்டார்கள். அதனுள் ஏரி மணல் அப்படியே கிடந்தது. யாரும் பெருக்கவில்லை.

அம்மா கொட்டகைப் பக்கம் போவதில்லை. ஆனால் சமையலறை ஜன்னலை மூடவும் விடமாட்டாள்.

"கேக்குதா ஹெல்மி? உங்கப்பா மிதிக்கிறாரு."

பிரேக் பெடலின் ஸ்பிரிங் துருப்பிடித்தது, வெயில் இறங்கும்போது இரும்பு சுருங்கும், அதனால் கிறீச்சிடும் என்று சொல்லியிருக்கிறேன். நான் வேதியியல் படித்தவள். உச்சி வெயிலிலும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஜூன் முதல் வாரம் வெய்க்கோ சித்தப்பா வந்தார்.

"நடுக்கோடைத் திருவிழா ஊர்வலத்துல அண்ணனோட வண்டி போகணும் அண்ணி. எழுபது வயசு தாண்டின டிரக் இந்தப் பக்கம் வேற யார்கிட்ட இருக்கு?"

அம்மா ஏலக்காய் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். "பிரேக் இல்லாத வண்டியில ஏறி நீயும் ஏரியில விழு."

"அதுக்குத்தான் இவ இருக்காளே. நான் அடியில படுத்தா தொப்பை அச்சுல மாட்டிக்கும். அப்புறம் என்னையும் சேர்த்து ஊர்வலம் விடணும்."

அம்மா சிரிக்கவில்லை. "அவரு மிதிச்சாரா இல்லையான்னு அந்த வண்டிக்குத்தான் தெரியும்" என்றாள்.

சித்தப்பா ரொட்டியைக் காபியில் தோய்த்தார். அது உடைந்து கோப்பையில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரிக்கு இறங்கும் சரிவுச் சாலையில் டயர் தேய்ந்த தடம் இல்லை என்று போலீஸ்காரர் எழுதியிருந்தார். அப்பா பிரேக்கைத் தொடவே இல்லை, வேண்டுமென்றே ஏரிக்குள் விட்டார் என்று ஊர் முடிவு செய்துகொண்டது. அன்று காலை அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டார்கள். அம்மா கடைசியாகச் சொன்னது, "போனாப் போய்த் தொலை." அதை மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள்.

நான் என்னுடையதைச் சொல்லவில்லை.

விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை எடுத்தோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் மேலே பெடலில். அப்பா கீழே சக்கரத்தருகில். "மிதி" என்பார், மிதிப்பேன். "பிடி" என்பார், பிடிப்பேன். அவர் சக்கரத்தின் பின்னிருக்கும் நிப்பிள் என்ற சின்ன மூடியைத் திறப்பார், காற்றோடு ஆயில் வரும், மூடுவார். "எடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மூடுவதற்கு முன் எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். காற்று இருந்தால் பெடல் இறங்கும், பிரேக் சரியாகப் பிடிக்காது.

கடைசியாக முன்சக்கரத்துக்கு வந்தபோது என் போன் அடித்தது. அவர் சொல்வதற்குள் கால் எழும்பிவிட்டது.

"எடுத்தியா?"

"இல்லப்பா."

"சரி" என்று ஸ்பானரைத் துடைத்தார்.

அதனால்தான் சித்தப்பா கேட்டதும் சரி என்றேன். அவர் மிதித்தாரா என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும். மிதித்தும் நிற்காமல் போனது என்னாலா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

டிரக்கை முட்டுக் கொடுத்து ஏற்றிவிட்டு அடியில் படுத்தேன். எங்கள் ஊரில் பனிக்கட்டி உருகக் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுவார்கள். அது இரும்பைத் தின்னும் என்று பயந்து ஒவ்வோர் அக்டோபரிலும் எல்லோரும் வண்டியின் அடியில் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசி, உடனே சரளைச் சாலையில் ஓட்டுவோம். புழுதி ஒட்டி மேலுறையாகிவிடும். அப்பாவின் உறை விரல் கனம் இருந்தது. சுரண்டச் சுரண்ட அவருடைய தூரிகைத் தடங்கள் வந்தன. ஓரிடத்தில் கட்டைவிரல் ரேகை. அதைச் சுரண்டாமல் சுற்றிப் போனேன்.

முதலில் பிரேக் ஆயில் போகும் முன்பக்கப் பைப்புகளை மாற்றினேன். புதிய பைப்பை அளந்து, வெட்டி, கையால் வளைத்தேன். அதன் வாயை விரிப்பதற்காகக் கருவியில் பூட்டியபோது, "நட்டு?" என்று கேட்டது.

அப்பாவின் குரல். சத்தமாக இல்லை. பக்கத்தில் குனிந்து பார்ப்பவர் கேட்பதுபோல.

நட்டு மேசை மேல் இருந்தது. வாய் விரிந்த பிறகு அதை மாட்ட முடியாது. எடுத்து மாட்டினேன். பைப்பைக் கருவியில் மறுபடி பூட்டினேன்.

மூன்றாம் நாள் பின் அச்சுக்கு வந்தேன். பைப்பை அச்சோடு இறுக்கும் கிளிப் ஒன்று உறைக்குள் புதைந்திருந்தது. கிளிப்பைக் கழற்றினேன். அதனடியில் பூசிய ஆயில் போகவே இல்லை. உப்பு போயிருந்தது. மேலே இருந்த உறை அந்தத் துருவை வருடக்கணக்கில் மறைத்து வைத்திருந்தது.

பைப்பில் நகத்தளவு விரிசல். அதன் விளிம்புகள் வெளிப்பக்கமாக மலர்ந்திருந்தன.

துரு தானாகத் தின்றால் ஓட்டை விழும், விளிம்பு மலராது. உள்ளே அழுத்தம் ஏறியிருக்க வேண்டும். முழு பலத்தோடு யாரோ மிதித்திருக்க வேண்டும். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஓரிடம் வெடித்தால் எதிலும் பிரேக் இல்லை. சக்கரம் உருண்டுகொண்டே போகும், சாலையில் தடம் விழாது.

முதல் மிதியிலேயே வெடித்ததா? அல்லது நான் விட்ட காற்றால் பெடல் இறங்கி, மறுபடி மறுபடி மிதித்த பிறகா? அந்த இடைவெளியில்தான் சரிவு முடிந்ததா? பைப் அதைச் சொல்லவில்லை.

துண்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் புதிய பைப்பை மாட்டி ஆயில் ஊற்றிவிட்டு, அதைக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்தேன்.

"மிதிச்சிருக்காரும்மா. அவரால முடிஞ்ச மட்டும்."

அம்மா விரிசலின் மேல் விரலை ஓட்டினாள். விரல் கீறி ரத்தம் வந்தது. துடைக்கவில்லை.

"நிக்கத்தான் பாத்தாரா?"

"ஆமா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். போன் அடித்ததை, கால் எழும்பியதை, "இல்லப்பா" என்றதை, எல்லாம் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து ரப்பர் பூட்ஸைப் போட்டாள்.

"காத்து எடுக்க ரெண்டு பேர் வேணும்ல?"

மூன்று வருடத்தில் முதல் முறையாகக் கொட்டகைக்குள் வந்தாள். மணலை மிதித்து ஏறி உட்கார்ந்தாள். நான் வலது பின்சக்கரத்தருகில் படுத்தேன்.

"மிதி."

பெடல் கிறீச்சிட்டது. அதே சத்தம்.

"பிடி."

நிப்பிளைத் திறந்தேன். குமிழிகளோடு ஆயில் குழாயில் ஓடியது. பிறகு குமிழி இல்லாத ஆயில் மட்டும் வந்தது. மூடினேன். அடுத்து "எடு" என்று சொல்ல வேண்டும்.

மேலே அம்மாவின் காலடியில் பெடல் மெல்ல முனகியது.

"நீ சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

நான் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் முன்சக்கரத்தருகில், யாரும் இல்லாத பக்கத்தில், யாரோ ஸ்பானரைத் துணியில் துடைக்கும் சத்தம் கேட்டது.