இரண்டும் இடப்பக்கம்

இருபத்து மூன்று நாளாக என் வீட்டில் இரண்டு ஆம்பளைகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவன் என் கூடப்பிறந்த அண்ணன். இருவருக்கும் நடுவே இருபத்தோரு அடி நீளத்தில் ஒரு படகு, பாதி பலகையும் பாதி எலும்புமாக நின்றது. இந்த மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தவள் நான்.

எங்கள் பட்டறை வீட்டோடு சேர்ந்தது. பக்கவாட்டுச் சுவரை இடித்துத் தகரக் கூரை இழுத்துவிட்ட கொட்டகை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் படகின் மூக்கு தெரியும். ஜன்னலை மூடினாலும் மரத்தூள் உள்ளே வரும். சாப்பாட்டில் தூள், தலையணையில் தூள், குளிக்கிற சோப்பில்கூடத் தூள். ஆற்றில் ஓடுகிற மரப்படகுகளை இங்கேதான் ஒன்பது வருஷமாக மூன்று பேரும் சேர்ந்து கட்டுகிறோம். விலாக்கட்டைகளை வளைப்பது அண்ணன். பலகை அறுப்பது இருவரும் சேர்ந்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் பஞ்சுத்திரியை அடித்து இறக்கி, தண்ணீர் புகாமல் அடைப்பது நான்.

சண்டை வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் படகைச் செய்யச் சொன்னவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அக்கரைக்கு ஏற்றிப் போகிற படகுக்காரர். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க ஒருநாள் வந்தார். அண்ணனைக் காட்டி, "இவரு யாரு?" என்று கேட்டார்.

"நம்ம மச்சான்தாங்க. எனக்கு ஒத்தாசையா இருக்கான்" என்றார் என் வீட்டுக்காரர்.

படகுக்காரர் போகிற வரைக்கும் அண்ணன் ஆணியடித்துக்கொண்டே இருந்தான். போனதும் சுத்தியலைக் கீழே வைத்தான். "ஒத்தாசையா?" என்று கேட்டான்.

"அட, சும்மா வாய்ல வந்துடுச்சு மச்சான். இதைப் போய்ப் பெருசா..."

"சும்மா வாய்ல வர்றதுதானே உள்ள இருக்கறது."

அதோடு பேச்சு நின்றது. அடுத்த வாரமே டவுனில் ஜன்னல் சட்டம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டான். "இந்தப் படகு முடியட்டும். திங்கக்கிழமை நான் கிளம்பறேன்" என்று என்னிடம் சொன்னான். அவன் போனால் பட்டறை என்ன ஆகும் என்பதெல்லாம் இரண்டாவது கவலை. எனக்கு என் அண்ணன் வேண்டும். பின்னறையில் அவன் இருமுகிற சத்தம் கேட்டுத்தான் ஒன்பது வருஷமாக எனக்குப் பொழுது விடிகிறது. எப்படியும் படகு முடிவதற்குள் இரண்டு பேரும் பேசிவிடுவார்கள், பேசிவிட்டால் அவன் போகமாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பேசாமல் படகு கட்ட முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர்கள் கட்டினார்கள். எப்படி என்றால், என்னை வைத்து.

"உன் அண்ணன்கிட்ட சொல்லு, பசை தண்ணியா இருக்குன்னு."

கொட்டகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். அவன் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் போய்ச் சொல்ல வேண்டும்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, பசை சரியாத்தான் இருக்கு, அவரு மூளைதான் தண்ணியா இருக்குன்னு."

இதையும் நான் வந்து சொல்ல வேண்டும். மாப்ள, மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டவர்கள்! இப்போது ஒருவர் வாயில் 'உன் அண்ணன்', இன்னொருவர் வாயில் 'உன் வீட்டுக்காரர்'. இரண்டுக்கும் சொந்தக்காரி நான் என்பதுபோல. அடுப்பில் பால் பொங்கும், கையில் பஞ்சுத்திரி இருக்கும், ஒருத்தர் கூப்பிடுவார். போனால் அடுத்தவன் கூப்பிடுவான். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினான்கு நடை. 'உனக்குக் கால் வலிக்கிறதா' என்று இரண்டு பேரில் ஒருத்தர் கேட்கவேண்டுமே!

கடைசியில் மீந்தது படகின் அடிப்பக்கம் பக்கவாட்டோடு திரும்புகிற இடத்தில் வரும் வளைவுப் பலகைகள், பக்கத்துக்கு ஒன்று. இருப்பதிலேயே கஷ்டமானது அதுதான். வழக்கமாக இரண்டு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்து, அந்த வளைவுக்கு வெட்டிவைத்த மெல்லிய அச்சை மேலே வைத்து ஒரே தடவையில் வரைந்து, ஆளுக்கொரு பக்கம் ரம்பத்தைப் பிடித்து அறுப்பார்கள். பிரித்தால் ஒன்று இடப்பக்கத்துக்கு, ஒன்று வலப்பக்கத்துக்கு, தானாகவே அமையும். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

இந்தத் தடவை சேர்ந்து அறுக்க முகம் வேண்டாமா? ஆளுக்கொரு பலகை என்று பிரித்துக்கொண்டார்கள், அதையும் என் வழியாக. இடப்பக்கம் இவருக்கு, கொட்டகையில். வலப்பக்கம் அவனுக்கு, பின்வாசலில். இவர் அச்சை வைத்துத் தன் பலகையில் வரைந்து முடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த அச்சை உன் அண்ணன்கிட்ட குடு. கவுத்துப் போட்டு வரையணும்னு சொல்லிடு. இதுவரைக்கும் தனியா வரைஞ்சதில்ல, மறந்துடப் போறான்."

அன்று காலை அது எனக்கு ஒன்பதாவது நடை. அச்சை வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் உளி தீட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்னவாம் உன் வீட்டுக்காரருக்கு?" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அச்சைப் பலகைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒன்பது வருஷமாகப் படகு கட்டுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா, இதற்கும் நான் தூது போக வேண்டுமா என்ற ஆத்திரம். சொல்ல மறந்தேன் என்று சொல்லி இப்போது தப்பித்துக்கொள்ளலாம். மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் முழுங்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பலகைகளும் தயாராயின. இவர் பலகையை இடப்பக்கம் பொருத்தினார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணன் பலகையை வலப்பக்கம் தூக்கிப் பிடித்தார்கள். உள்முகத்தை வெளியே திருப்பிப் பிடித்தால்தான் வளைவு பொருந்தியது. நான் குனிந்து இடுக்கைப் பார்த்தேன்.

பலகையின் விளிம்பை நாங்கள் நேராக விடுவதில்லை, லேசாகச் சரித்துச் சீவுவோம். இரண்டு பலகைகள் உள்பக்கம் ஒட்டி நிற்கும், வெளிப்பக்கம் ஒரு நூல் அளவு விரியும். அந்த விரிசலில்தான் நான் பஞ்சை அடிப்பேன். ஆற்றுத் தண்ணீர் அழுத்த அழுத்தப் பஞ்சு உள்ளே போய் இன்னும் இறுகும். அண்ணன் பலகையில் எல்லாம் தலைகீழ். வெளிப்பக்கம் ஒட்டி நின்றது, உள்பக்கம் விரிந்து கிடந்தது. அவன் அறுத்ததும் இடப்பக்கப் பலகைதான். மறுபடி சீவித் திருத்தினால் அகலம் போதாது.

"டேய், கவுத்துப் போடலயா நீ?" என்று கத்தினார் இவர். இருபத்து மூன்று நாளில் நேராக அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

"கவுக்கணும்னு யார் சொன்னா?"

"நான் சொல்லி அனுப்பினேன்!"

"எவ வந்து சொன்னா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"சொல்லல" என்றேன். "வேணும்னுதான் சொல்லல. உங்க ரெண்டு பேர் வார்த்தையையும் சுமந்து சுமந்து எனக்குச் சலிச்சுப் போச்சு. நான் என்ன மனுஷியா, வீட்டுல இருக்கற டெலிபோனா?"

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்! இவர் ஒரு வரி திட்டுவார், அண்ணன் அடுத்த வரியை எடுத்துக்கொள்வான். "பதினாலு மாசம் காயவச்ச மரம்" என்று இவர். "இந்த நீளத்துக்கு இன்னொண்ணு எங்க கிடைக்கும்?" என்று அவன். "அதானே மச்சான்" என்று இவர். மச்சான்! என்னைத் திட்டுவதற்காவது வாய் திறந்ததே என்று அந்தக் கோபத்திலும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது.

திட்டி ஓய்ந்ததும் இரண்டு பேரும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். தோளோடு தோள் இடிக்கிற மாதிரி. இவர் விரலால் இடுக்கைத் தடவினார்.

"மாப்ள, இதை இப்படியே அடிச்சிட்டா என்ன?" என்றான் அண்ணன் மெதுவாக.

"வெளிப்பக்கம் பெயின்ட்டு அடிச்சா தெரியாதுதான்."

"உள்பக்கம் விரிஞ்சிருக்கில்ல, தங்கச்சி அந்தப் பக்கமா இருந்து பஞ்சு அடிக்கட்டும். கொஞ்சம் இறுக்கி அடிச்சா நிக்கும்."

"நிக்கும் நிக்கும். அவ கை யார் கை? நாளைக்குள்ள முடிச்சிடலாம்." இவர் அவன் தோளில் கை போட்டார். "முடிச்சிட்டு அந்த ஜன்னல் கம்பெனிக்காரனுக்கு ஒரு போன் போட்டு, வரலன்னு சொல்லிடு. உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "பாக்கலாம்" என்றான். அவன் பாக்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

நான் வேண்டியது இதுதானே? எந்த வாய்ப்பேச்சுக்காக இத்தனை நாள் தவித்தேனோ அது கண்ணெதிரே நடந்தது. நான் தலையை ஆட்டினால் போதும். அண்ணன் என்னோடு இருப்பான்.

ஆனால் உள்பக்கமிருந்து அடித்த பஞ்சைத் தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும். ஒரு மாசம் தள்ளும், இரண்டு மாசம் தள்ளும், ஒருநாள் பிதுங்கிக்கொண்டு படகுக்குள் வந்துவிடும். அந்த வளைவுப் பலகைக்கு நேர் மேலேதான் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பேசுகிறார்கள். படுபாவிகள், சமாதானம் ஆகிற சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்கள்.

"நான் அடிக்க மாட்டேன்" என்றேன்.

"ஏய், சும்மா இரு. பண்ணினதெல்லாம் நீ" என்றார் இவர்.

"பண்ணினது நான்தான். அதுக்காகப் பதினெட்டுப் பிள்ளைங்களை இது மேல உக்கார வைக்க மாட்டேன்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? நாளைக்கு மறுநாள் நான் போகணும்" என்றான் அண்ணன்.

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "போறதுன்னா போ அண்ணா" என்றேன். "இந்தப் பலகை ஏறாது."

சொன்னால் மட்டும் போதாது. நான் கண் அசந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஆணியடித்துவிடுவார்கள், அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்தேன். இரண்டும் இடப்பக்கம், ஒன்று போதும். எதை வெட்டுவது? இரண்டின் விளிம்பையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். அண்ணன் அறுத்ததுதான் சுத்தம். இவருடையதில் இரண்டு இடத்தில் அலை. இவர் பலகையைக் கீழே இறக்கிக் கட்டைமேல் வைத்து, நடுவில் ரம்பத்தை இழுத்தேன்.

"அடிப்பாவி!" என்றார் இவர். தடுக்கவில்லை. பாதி அறுத்ததும் பலகை தொங்கிப் பிளக்கப் பார்த்தது. அண்ணன் எழுந்து வந்து மறுமுனையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். கடைசி இழுப்பு வரைக்கும் பிடித்திருந்தான். பிறகு அந்தத் துண்டை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"என்னோடத வெட்டியிருக்கணும் நீ" என்றான். "வலப்பக்கம் என் பொறுப்பு. அச்சைக் கவுக்கணும்னு ஒருத்தர் வந்து சொன்னாத்தான் தெரியுமா எனக்கு? உன் வீட்டுக்காரர் படகுக்காரர்கிட்ட சொன்னது சரிதான், நான் ஒத்தாசைதான்."

"அண்ணா, அப்படியெல்லாம் இல்ல..."

"விடு" என்றான்.

திங்கட்கிழமை காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கோபமில்லை. வாசலில் நின்று இவரிடம், "வரேன் மாப்ள" என்றான். இவரும் பஸ் நிற்கிற இடம் வரை பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார். நான் போகவில்லை. போயிருந்தால் நடுத்தெருவில் அழுதிருப்பேன்.

காய்ந்த மரம் கிடைக்க ஒன்றரை மாசம் ஆனது. அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகள் எல்லாம் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். படகுக்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். அச்சைக் கவிழ்த்துப் போட்டு நான்தான் வரைந்தேன். ரம்பத்தின் மறுபக்கத்தை நான்தான் பிடித்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. பஞ்சு அடித்து, பெயின்ட் அடித்து, வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீரில் இறக்கினோம். படகுக்காரர் பதினெட்டுப் பிள்ளைகளையும் ஏற்றி அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தார். நான் உள்ளே இறங்கி, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு முழு நீளத்துக்கும் தடவினேன். காய்ந்து கிடந்தது.

கரையிலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற இரைச்சல்.

"இறக்கிட்டீங்களா?" என்றான். "ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல."

"நல்லாப் பண்ணியிருக்க" என்றான். "நான் ஒரு நாள் லீவு கேட்டு வச்சிருந்தேன். ஒழுகினா வந்து பாக்கலாம்னு. அப்ப வரத் தேவையில்ல."

போனை வைத்துவிட்டான். நான் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். ஒழுகுது அண்ணா என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது.