இடுப்பு ஏறுது, தொடை இறங்குது

என் கணவர் தையல்காரர். ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவருக்குத் தன் இடுப்பு மட்டும் கண்ணில் படவில்லை. வருஷத்துக்கு ஒரு பேன்ட் தனக்கென்று தைத்துக்கொள்வார், அளவை நோட்டில் குறித்துவைப்பார். ஐந்தாறு வருஷமாக அதில் இடுப்பு கூடிக்கொண்டே போனது, தொடை குறைந்துகொண்டே வந்தது. மனிதர் டேப்பைச் சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினார். "எடை அப்படியேதான் இருக்கு, எனக்கென்ன கேடு?" என்று பீற்றல் வேறு.

கடை மாடியில். இருபத்திரண்டு படி. அறுபத்தெட்டு வயதில் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, ஆனாலும் பாதிப் படியில் நின்றுவிடுவார். நாற்காலியிலிருந்து எழ மேஜையில் இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். ஒரு நாள் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"கடையை மூடிடுங்கப்பா. விழுந்து கிழுந்து வச்சா யார் பாக்கிறது?"

அவர் முகம் செத்துப்போனது. எனக்கும் பகீரென்றது. நாள் முழுக்க இவரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

தொந்தியைக் கரைக்கிறேன் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். இன்னும் தளர்ந்தார். பிசியோதெரபிஸ்டிடம் இழுத்துப்போனேன், அளவு நோட்டோடு. அந்த அம்மாள் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"டேப் சரியாத்தான் இருக்கு. தசை போன இடத்துல கொழுப்பு வந்து உக்காந்திருக்கு, அதான் எடை மாறல. பட்டினி கிடந்தா மிச்சமும் போயிடும். முட்டை, பருப்புன்னு வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. கையை ஊனாம உக்காந்து எழுந்து பழகுங்க."

அரை நிமிஷத்தில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணினார். முக்கி முனகி நான்கு. பன்னிரண்டாவது வரவேண்டுமாம். வீட்டில் இதைக் கேட்ட மகள் அதையே பிடித்துக்கொண்டாள்.

"மூணு மாசம். பன்னிரண்டு வந்தா கடை. இல்லேன்னா சாவி என் கையில."

அன்றிலிருந்து ஒரு பேன்ட் தைத்து முடித்தால் பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். துணிக்கட்டைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். நான் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே எண்ணுவேன். எனக்கு 'வார்டன்' என்று பெயர் வைத்தார். வைத்துக்கொள்ளட்டும், படியில் நிற்பது குறைந்தது.

கெடு நாளன்று மகள் கடைக்கே வந்து போனில் நேரம் வைத்தாள். எட்டு, ஒன்பது சுலபமாக வந்தன. பத்தில் மூச்சு வாங்கியது. பதினொன்று முடிந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். தொடை நடுங்கியது. இன்னும் நான்கு விநாடிதான். நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டிலிருந்து ஒரு குரல்: "டெய்லர், என் சட்டை ரெடியா?"

"ரெடி, ரெடி!" என்று சட்டென்று எழுந்து வாசலுக்கு நடந்தார்.

"பன்னிரண்டு," என்றாள் மகள்.

"என்ன பன்னிரண்டு?" என்று திரும்பிக் கேட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சட்டைக்கு இன்னும் காலரே வைக்கவில்லை. பச்சைப் பொய். ஆனால் கையை ஊன்றாமல், எழுந்து நின்று சொன்னார்.