தாய்மாமன் மடி

எனக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஆறு வருடம் மறைத்துவிட்டு, போன மாதம்தான் தங்கை ரூபினியிடம் சொல்லித் தொலைத்தேன். எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டில் எனக்கு மட்டும் காகிதக் கப். நான் எழுந்ததும் நாற்காலியை ஈரத் தாளால் துடைக்கிறாள், நான் கவனிக்கவில்லை என்ற நினைப்பு.

தினமும் மாத்திரை போடுகிறேன். பரிசோதனையில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது. தொட்டால் ஒட்டாது, எச்சிலில் ஒட்டாது, ரத்தத்தாலும் உடலுறவாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும்தான் பரவும் என்று எத்தனை தடவை சொல்வது? நன்றாகத் தலையாட்டுவாள். பிறகு காகிதக் கப்பை நீட்டுவாள்.

அவள் மகள் லோஷினிக்குச் சாஆ ஊர்க் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அவளுக்கு இருப்பது நான் ஒருவன். அந்த மடிக்காகவே தெப்ராவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு வந்தேன். ரூபினி என் மடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன்மேல் துண்டைப் போட்டு, அதன்மேல் பிள்ளையை வைத்தாள். பிள்ளை ஒன்றுக்குப் போனால் வேட்டி கெட்டுவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் மடியும் போய்விடும்.

எங்களுக்கு முன்னால் ஒரு பையன். காது குத்தும் ராஜசேகரன் அவனுக்குக் குத்தினார், ஊசியை மஞ்சள் தண்ணீரில் முக்கினார், அதே ஊசியோடு லோஷினியிடம் வந்தார். ரூபினி கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

நான் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டேன். "ஊசிய மாத்துங்க."

மஞ்சளில் எல்லாக் கிருமியும் செத்துவிடும், முப்பது வருடமாக இப்படித்தான் என்றார் அவர். நல்ல நேரம் போகிறது என்று மச்சான் ஜீவன் முணுமுணுத்தார்.

"பேசாம இருங்க லா அண்ணே. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் ரூபினி.

"பாக்கட்டும். நான் குடிச்ச கப்புக்குப் பயப்படுற, இன்னொரு பிள்ளை ரத்தம் பட்ட ஊசிக்குப் பயமில்லையா? எனக்கு எச்.ஐ.வி. வந்ததே அடுத்தவன் குத்திக்கிட்ட ஊசியிலதான்."

கோயிலே கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். ரூபினி ஊசியையே பார்த்தாள். பிறகு லோஷினியை என்னிடமிருந்து தூக்கினாள். போயிற்று, மடி போயிற்று என்று நினைத்தேன்.

அவள் மறு கையால் துண்டையும் பிளாஸ்டிக்கையும் உருவி எறிந்துவிட்டு, பிள்ளையைத் திரும்ப என் மடியிலேயே வைத்தாள். கிளினிக்கில் பிரிக்காத புது ஊசி வாங்கி வரும்படி ஜீவனை விரட்டினாள்.

அவர் திரும்பி வருவதற்குள் லோஷினி என் வேட்டியை நனைத்துவிட்டாள்.