கொடுவாவுக்குப் போட்ட பந்தல்

அந்தச் சித்திரையில் உப்புக்குளம் ஊரின் கிணறுகளே சூடேறிக் கிடந்தன என்றால், அருள்நாயகி ரீச்சரின் மீன்குளத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கடலோரக் காணியில் குளம் வெட்டிக் கொடுவாக் குஞ்சு விட்டிருந்தார். கலியாணம் கட்டாதவர். காலமெல்லாம் கணக்குப் படிப்பித்த பழக்கத்தில் மீன்களையும் வகுப்பாகவே நடத்தினார். விசில் ஊதினால் தீனிக்கு வரவேண்டும். அவையும் ஒழுங்காக வந்தன.

வெயில் ஏற ஏற விசிலுக்கு மதிப்பில்லாமல் போனது. மீன்கள் குளத்தின் ஆழமான மூலையில் அடைந்து கிடந்தன. விடியற்காலையில் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மீன்வளர்ப்பு உத்தியோகத்தரிடம் ரீச்சர் தொலைபேசியில் விசாரித்தார். தண்ணீர் சூடானால் அதில் காற்றுத் தங்காது, மீனுக்கு மூச்சுத் திணறும் என்றார் அவர். தீனியைக் குறைக்கவும், நிழல் போடவும், தண்ணீரை அடித்துச் சுழற்றும் சில்லை நிறுத்தாமல் ஓடவிடவும் சொன்னார்.

ரீச்சரின் பக்கத்தில் நின்ற தம்பி சந்தியோகுவின் காதில் ‘காற்று’ என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. வீட்டிலிருந்த மின்விசிறியைத் தூக்கிவந்து குளக்கரையில் மீன்களைப் பார்த்தபடி வைத்தான். மீன்கள் கவனிக்கவில்லை. அயல்வீட்டு ஆடு ஒன்று அதன் முன்னால் வந்து படுத்து, சாயந்தரம் வரை எழும்பவேயில்லை.

அடுத்ததாக ஐஸ். தலைமன்னார் வள்ளங்களுக்கு லொறியில் ஐஸ் ஏற்றும் பெனடிக்ற், போகிற வழியில் ஒரு கட்டியை இறக்கிவிடச் சம்மதித்தார். மனைவியை இழந்து பல வருடமானவர், அதிகம் பேசாதவர். கட்டி தண்ணீரில் மிதந்ததும் குளத்து மீனெல்லாம் அதன் கீழே வந்து முண்டியடித்தன. சந்தியோகு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஐஸ் கரைந்துவிட்டது. அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு மீன்கள் நின்றன. அதைப் பார்த்த ரீச்சர், இதனால் பயனில்லை, இனி வேண்டாம் என்று பெனடிக்றிடம் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுப் போய், மறுநாளும் ஒரு கட்டியோடு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஐஸ் கரைந்த பிறகும் கரையில் நின்றார்.

நிழலுக்குச் சந்தியோகுவே வழி கண்டுபிடித்தான். கோயில் சாமான் அறையில் கலியாணப் பந்தல் ஒன்று சும்மா கிடந்தது. பங்குச் சுவாமியிடம் கேட்டு வாங்கிவந்து, குளத்துக்கு மேலே கட்டிவிட்டான். வெள்ளைச் சீலை, ஓரமெல்லாம் சிவப்புச் சுருக்கு, நடுவில் காகிதப் பூ. மீன்கள் அன்றே நிழலுக்கு வந்தன. ரீச்சருக்குப் பெரிய ஆறுதல். பந்தலின் கோலத்தை அவர் கவனிக்கவேயில்லை.

ஊர் கவனித்தது. ரீச்சர் வீட்டில் பந்தல் போட்டிருக்கிறது, லொறிக்காரர் ஒருவர் ஒவ்வொரு நாளும் காலையில் வந்து போகிறார் என்ற செய்தி பஸ் ஏறித் தலைமன்னாருக்குப் போனது. ஞாயிறு மத்தியானம், ரீச்சரின் தகப்பனின் தங்கை எடித் மாமி, பட்டுச்சீலையும் கையில் ஒரு பீங்கான் கோப்பைப் பெட்டியுமாக, பின்னால் ஒரு வான் வண்டி நிறையச் சொந்தக்காரரோடு வந்து இறங்கினார்.

“சொந்த மாமிக்குச் சொல்லாமல் செய்யிற கலியாணமோ, பிள்ளை?” என்றார்.

“ஆருக்கு மாமி கலியாணம்?”

“பந்தல் நிக்குது. மாப்பிள்ளை எங்கை?”

“அது மீனுக்குப் போட்டது மாமி. வெக்கை தாங்கேலாமல் கிடக்குதுகள்.”

மாமி குளத்தைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், ரீச்சரைப் பார்த்தார். இந்த வயதில் இவ்வளவு வெட்கம் கூடாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுப் பந்தலுக்குக் கீழே இருந்தார். மற்றவர்களும் இருந்தார்கள். வேறு வழியில்லாமல் ரீச்சர் எல்லாருக்கும் சர்பத் கரைத்துக்கொண்டிருக்கும்போது கரன்ற் நின்றது. சுழன்றுகொண்டிருந்த சில்லும் நின்றது. கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்க மீன்வாய்களாகவே தெரிந்தது. வாடகைக்கு ஜெனரேற்றர் தேடிச் சந்தியோகு சைக்கிளில் பறந்தான்.

ரீச்சர் சர்பத்தை வைத்துவிட்டு, வகுப்பில் பேசும் குரலில் சொன்னார்.

“எல்லாரும் எழும்புங்கோ. வாளி, சட்டி, கையில அகப்பட்டதை எடுங்கோ. தண்ணியை அள்ளி உயரத்தில இருந்து ஊத்தவேணும். ஒருத்தரும் சேத்தைக் கலக்கக் கூடாது.”

அந்தக் குரலுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பட்டு வேட்டிகள் முழங்காலுக்கு மேலே ஏறின. எடித் மாமி பெட்டியைப் பிரித்துப் புதுக் கோப்பைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். சொந்தக்காரர் கரைநெடுக நின்று அள்ளி ஊற்றினார்கள். பாதித் தண்ணீர் குளத்திலும் பாதி பக்கத்தில் நின்றவர்களின் தலையிலும் விழுந்தது. பயந்த கொடுவா ஒன்று துள்ளி, கரையில் குந்தியிருந்து அள்ளிய மாமியின் மடியில் விழ, மாமி அதைக் குழந்தையைப் போல ஏந்தித் திரும்பத் தண்ணீரில் விட்டார்.

அந்த நேரத்தில்தான் பெனடிக்ற் வந்தார். லொறியில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, தலையில் எண்ணெய். ஊரார் பேசியது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. மறுத்துச் சொல்லத்தான் வந்தாரா, வேறெதற்கா என்று அவருக்கே தெளிவில்லை. குளத்தைப் பார்த்ததும் ஒரு வாளியை வாங்கிக்கொண்டு ரீச்சருக்குப் பக்கத்தில் நின்று ஊற்றத் தொடங்கினார். எல்லாரும் களைத்து உட்கார்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை.

பொழுதுபடுகிற நேரத்தில் ஜெனரேற்றர் கிடைக்காமல் சந்தியோகு திரும்பினான். கரன்ற் அவனுக்கு முன்னரே வந்துவிட்டது. சில்லுச் சுற்ற, மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கரையில் துள்ளி விழுந்து, யாரும் காணாமல் செத்துப்போனவை இரண்டோ மூன்றோதான். அவற்றைப் பொரித்து, சோறும் சொதியும் வைத்துச் சொந்தக்காரருக்குக் கொடுத்தார்கள். நனைந்த பட்டோடு இருந்து சாப்பிட்ட மாமி, இப்படி ஒரு கலியாணவீட்டை இதுவரை கண்டதில்லை என்று சந்தோசமாகச் சொன்னார்.

பெனடிக்ற் சாப்பிடவில்லை. ரீச்சர் தனியாகக் கரைக்கு வந்தபோது எழுந்து நின்றார்.

“ரீச்சர், ஊரில ஒரு கதை...”

“நானும் கேட்டனான்.”

“எனக்கு அது பிழையாத் தெரியேல்லை.”

ரீச்சர் குனிந்து ஈரச்சீலையைப் பிழிந்தார். பிழிந்த இடத்தையே திரும்பவும் பிழிந்தார்.

“மீன் பிடிச்சு முடிய வந்து கேளுங்கோ. இப்ப இதுகளைத் தப்ப வைக்கவேணும்.”

பெனடிக்ற் அதுவரை காத்திருக்கவில்லை. மறுநாளே மண்வெட்டியோடு வந்து, குளத்தின் ஆழமான மூலையைப் பெரிதாக வெட்டுவது எப்படி என்று சந்தியோகுவோடு வாதாடத் தொடங்கினார். கார்த்திகை மழையில் மீன்கள் மறுபடி வயிறாறத் தின்றன. தை பிறந்து வலை இழுத்த அன்று, செதில் ஒட்டிய கையோடு நின்று அவர் திரும்பவும் கேட்டார். ரீச்சர் தலையாட்டி, ஓம் என்றார்.